பிக்கப்பின் பின் டிஃப்: சிங்கப்பூர் சைட் வேலைக்கு ஹெலிக்கலா, ஏர் லாக்கரா?

மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தெங்காவிலோ துவாஸிலோ ஒரு கட்டுமானத் தளத்தின் செம்மண் ஏற்றத்தில், வெறும் தொட்டியோடு ஒரு பிக்கப் ஏறப் பார்க்கிறது. இடது பின்சக்கரம் சேற்றில் கிர்ரென்று சுற்றுகிறது. வலது பின்சக்கரம் காய்ந்த ஜல்லியின்மேல் அசையாமல் நிற்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இடது சக்கரம் குழி தோண்டுகிறதே தவிர வண்டி நகர்வதில்லை. என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. குறை பின்னச்சின் நடுவில் இருக்கும் ஓப்பன் டிஃப்பரன்ஷியலில்.

டிஃப் என்பது என்ஜினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி. எந்தத் தடையும் பூட்டும் இல்லாத சாதாரண வகைதான் ஓப்பன் டிஃப். அது இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கிவிட்டால், ஜல்லிமேல் நிற்கும் சக்கரத்துக்கும் 100தான் போகும். அந்தப் பக்கம் 800 தாங்கக்கூடிய பிடிமானம் இருந்தாலும் பயனில்லை. கையில் இருப்பது மொத்தம் 200. பிக்கப்பின் எடை முன்பக்கம்தான் அதிகம். தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரங்களின்மேல் பாரம் குறைந்துவிடும். அதனால்தான் சரக்கோடு சுலபமாக ஏறிய அதே ஏற்றத்தில், இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொள்கிறது.

டிஃப்பைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது டயர். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும் என்றாலும், செம்மண்ணில் அந்த டயர் வழுவழுப்பான உருளைதான். தேய்ந்த நெடுஞ்சாலை டயரோடு எந்த டிஃப் போட்டாலும் பணம் வீண். இரண்டாவது, வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறதா என்பது. சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, மறுபக்கம் விசையை அனுப்பும் ஏற்பாடு அது. புதிய ஹைலக்ஸ், டிமேக்ஸ் வண்டிகள் சிலவற்றில் அதோடு கம்பெனியே பொருத்திய பின் டிஃப் லாக்கும் (இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஏற்பாடு) உண்டு. டாஷ்போர்டில் அந்தப் பொத்தான் இருந்தால் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு வேண்டியது, பின்னச்சுக்குள் காற்று போய்வரும் வழியான பிரீதரைப் பற்றிய பகுதி மட்டுமே.

இனி பொருளுக்கு வருவோம். நாங்கள் பரிந்துரைப்பது ஹெலிக்கல் கியர் வகை. சந்தையில் பலரும் அறிந்தது ஈட்டன் நிறுவனத்தின் டெட்ராய்ட் ட்ரூட்ராக். இதில் கிளட்ச் தட்டும் கிடையாது, காற்றும் மின்சாரமும் கிடையாது. சாய்ந்த பல் வெட்டிய சிறு பினியன்கள், அதாவது சிறு பல்சக்கரங்கள், டிஃப்பின் சுழலும் கூடான கேரியருக்குள் தத்தம் குழிகளில் உட்கார்ந்திருக்கும். விசை ஏறும்போது பற்களின் சாய்வு அந்தப் பினியன்களைக் குழியின் சுவரோடும் முனையோடும் அழுத்துகிறது. அந்த உராய்வுதான் வழுக்கும் பக்கத்தைத் தடுத்து, பிடிமானம் உள்ள பக்கத்துக்கு விசையை மிகுதியாகத் தள்ளுகிறது. மிதிக்கும் அளவுக்கு ஏற்ப இறுகும், காலை எடுத்தால் தளரும்.

எவ்வளவு மிகுதியாக என்பதுதான் கேள்வி. விகிதம் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றுச் சக்கரம் 100 தாங்கினால் ஜல்லிச் சக்கரத்துக்கு 300 போகும், மொத்தம் 400. ஓப்பன் டிஃப்பைப்போல இரு மடங்கு. சிங்கப்பூரில் ஒரு பிக்கப் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது தாராளம்.

பலவீனமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் முழுக்கத் தரையை விட்டு எழும்பிவிட்டால் அது தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்த நேரத்தில் கைபிரேக்கை இரண்டு மூன்று 'கிளிக்' மட்டும் இழுத்து, மெதுவாக மிதித்தால், தொங்கும் சக்கரத்துக்கு ஒரு பொய்ப்பிடி கிடைக்கும்; டிஃப் அதைப் பெருக்கி மறுபக்கம் அனுப்பிவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியில் இந்த வேலையை அதுவே செய்துவிடும். ஹெலிக்கல் டிஃப்பும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் நல்ல ஜோடி.

சாலையில் இதன் நடத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்தத்தின் சுழல் பாதையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது சத்தமோ உதறலோ கிடையாது. மழையில் தீவு விரைவுச்சாலையிலிருந்து வெளியேறும் வளைவிலும் வால் திடீரென்று விலகுவதில்லை. முன்பின் பழக்கமில்லாத ஓட்டுநர் ஏறினாலும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரே பிக்கப்பை மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் குத்தகைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தகுதி இல்லை.

ஏஆர்பி ஏர் லாக்கர் வேறு சாதி. பொத்தானை அழுத்தினால் கம்ப்ரஸரிலிருந்து காற்று போய், இரண்டு அச்சுத்தண்டுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். விகிதக் கணக்கே இல்லை. ஒரு சக்கரம் ஆகாயத்தில் இருந்தாலும் மறு சக்கரம் இழுக்கும். பொத்தானை விட்டால் வெறும் ஓப்பன் டிஃப். வார இறுதியில் நான்கு சக்கர இயக்க வண்டியோடு ஜொகூர் பக்கம் செம்பனைத் தோட்டச் சேற்றில் இறங்குபவர்களுக்கு இதுவே சரி. அங்கே சக்கரம் தொங்குவது அன்றாடம்.

ஆனால் பொருத்தும் வேலை கூடுகிறது: கம்ப்ரஸர், சொலனாய்டு, வயரிங், நீல நிறக் காற்றுக்குழாய், டிஃப் ஹவுசிங்கில் குழாய் நுழைய ஒரு துளை. பழுதும் அங்கிருந்துதான் வரும். காற்றை உள்ளே அனுப்பும் சீல் வளையத்தின் ஓ-ரிங் வெட்டுப்பட்டால், லாக்கர் போட்டிருக்கும்போது கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கசியும் காற்று டிஃப்புக்குள் போய், பிரீதர் வழியாக எண்ணெயைப் புகைபோலத் துப்பும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிஃப்பைத் திறக்காமலே ஓ-ரிங் என்று சொல்லிவிடலாம். இன்னொன்று: ஓட்டுநர் லாக்கரை அணைக்க மறந்து தார்ச்சாலையில் திரும்பினால், டயர் கீச்சிடும், ஸ்டியரிங் நேராகவே போகப் பார்க்கும், அச்சுத்தண்டு முறுக்கேறும். வேலை வண்டியில் பலர் கை படும்போது மறதி நிச்சயம்.

தானியங்கி லாக்கர், அதாவது டெட்ராய்ட் லாக்கர் வகை, மழைநாட்டில் சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். வளைவில் மிதித்தால் இரு சக்கரமும் சேர்ந்து தள்ளும். ஈரத்தில், காலித்தொட்டியில், அது வாலை வீசும். பழைய கேரியருக்குள்ளேயே ஸ்டார் கியர்களை (உள்ளிருக்கும் சிறு கியர்களை) மட்டும் எடுத்துவிட்டுப் போடும் மலிவான 'லஞ்ச்பாக்ஸ்' லாக்கருக்கும் இதே குணம்தான். கேரியரில் பூட்டிய பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைத் தொட வேண்டாம் என்பதால் வேலை குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் அதில் விழுகிறார்கள். கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டி (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃப்) ஏற்கெனவே வண்டியில் இருந்தால் தட்டுகளை மாற்றி உயிர் கொடுக்கலாம். புதிதாக வாங்குவதற்கு அர்த்தமில்லை: தட்டு தேயும், உராய்வு மாற்றி சேர்த்த எண்ணெய் வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு யூ-திருப்பத்திலும் கடகடவென்று உதறும்.

ஹெலிக்கல் என்று முடிவு செய்தபின் ஆர்டர் செய்யும் இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி ஆர்டர் செய்யக்கூடாது. மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: கிரவுன் வீலின் விட்டம், அச்சுத்தண்டின் ஸ்பிளைன் (நுனியில் வெட்டிய நீளப் பற்கள்) எண்ணிக்கை, கேரியர் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம். டொயோட்டாவின் பரவலான 8 அங்குல டிஃப்பில் ஸ்பிளைன் 30. ஆனால் கேரியர் பேரிங் இருக்கை சிலவற்றில் 45 மில்லிமீட்டர், சிலவற்றில் 50. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தவறானது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கினால், ஏற்றுக்கூலியும் 9 சதவீதப் பொருள் சேவை வரியும் கட்டியது கட்டியதுதான். பேரிங்கைக் கேரியரோடு சேர்த்தே புதிதாக வாங்குங்கள். கோயோ, என்டிஎன், என்எஸ்கே மூன்றில் எதுவானாலும் சரி. இரு பக்க அச்சு ஆயில் சீலும், பேக்கிங் பிளேட்டின் (பிரேக்கைத் தாங்கும் தகட்டின்) ஓ-ரிங்கும் கூடவே.

கிரவுன் வீல், அதைச் சுழற்றும் பினியன் (ஹெலிக்கலின் சிறு பினியன்கள் அல்ல) இரண்டும் பழையதே திரும்பப் போகும். கியர் விகிதம் மாறாததால் ஸ்பீடோமீட்டரும் மாறாது. பினியனைக் கழற்றவே கூடாது. அதன் ஆழத்தை நிர்ணயிக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடு அப்படியே இருக்கட்டும். பினியன் பேரிங் ஏற்கெனவே இரைந்தாலோ சீல் ஒழுகினாலோ மட்டும் அதைத் தொடலாம். தொட்டால் நசுங்கும் ஸ்லீவ் உள்ள டிஃப்பில் அதைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். "எல்லாத்தையும் பிரிச்சு செட் பண்ணிடலாம்" என்று பட்டறையில் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

ஹைலக்ஸில் டிஃப் முன்பக்கமாக ஒரே உருப்படியாக வெளியே வரும். சக்கரம், டிரம் கழற்றி, பிரேக் பைப்பையும் கைபிரேக் கேபிளையும் ஏபிஎஸ் சென்சரையும் விடுவித்து, பேக்கிங் பிளேட்டின் நான்கு நட்டை எடுத்தால் அச்சுத்தண்டு பேரிங்கோடு உருவி வரும். ஏபிஎஸ் சென்சர் துருப்பிடித்து ஒட்டியிருக்கும்; நெம்பினால் உடையும், ஊடுருவும் எண்ணெய் தெளித்து முதல் நாளே ஊறவிட வேண்டும். டிஃப்புக்கு விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு ஃபிளேஞ்சிலும் நேர்க்கோடு போட்டுக்கொண்டு கழற்றுங்கள். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். டிஃப் கனமானது. ஜாக் இல்லாமல் கையால் தாங்கி இறக்க முயல வேண்டாம். நவாராவின் எம்226 அச்சு வேறு மாதிரி: பின்மூடியைத் திறந்து உள்ளேயே ஷிம் வைத்து அமைக்க வேண்டும். வேலைநேரம் கூடும், கூலியும் கூடும்.

டிஃப் மேசைக்கு வந்ததும் நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டார். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை எடுப்பார். பழைய கேரியர் இருக்கும் நிலையிலேயே, கிரவுன் வீலில் குறைந்தது மூன்று இடத்தில் பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) அளந்து எழுதிக்கொள்வார். பிறகு மூன்று நான்கு பற்களில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டைத் தூரிகையால் மெல்லப் பூசி, பினியனை இரு திசையிலும் சுற்றுவார். பற்கள் உரசிய இடத்தில் பேஸ்ட் ஒதுங்கி, முட்டை வடிவில் பளபளக்கும் ஒரு தடம் தெரியும். அதைப் படம் எடுத்து வைப்பார். ஓடித் தேய்ந்த கியர் ஜோடிக்கு அந்தத் தடம்தான் இலக்கு. புத்தகத்தில் உள்ள அழகான நடுத்தடத்துக்காக அதை நகர்த்தினால் பற்கள் பழகாத இடத்தில் உரசி, வண்டி இரையத் தொடங்கும்.

பேரிங் மூடிகளில் இடம் வலம் என்று அடையாளம் குத்திவிட்டுக் கழற்ற வேண்டும், அவை மாறக்கூடாது. கிரவுன் வீலை 100 டிகிரி வரை சூடாக்கினால் விரிந்து, புதிய கேரியரில் சுத்தியல் இல்லாமல் உட்காரும். கொதிக்கும் நீரே போதும். அதற்கு முன் கேரியரின் இருக்கை முகத்தை எண்ணெய்க்கல்லால் தடவி, பிரேக் கிளீனரால் துடைத்துவிட வேண்டும். தலைமுடி அளவு பிசிறு மாட்டிக்கொண்டால் கிரவுன் வீல் தள்ளாடும்; அந்தத் தள்ளாட்டம் கையேடு சொல்லும் அளவைத் தாண்டக்கூடாது. போல்ட்டுகளில் சிவப்பு லாக்டைட், எதிரெதிராக, டார்க் ரென்ச்சால் மட்டும். பழைய 8 அங்குல ஹைலக்ஸ் டிஃப்பில் அது 97 நியூட்டன் மீட்டர், பேரிங் மூடிக்கு 78. மற்ற வண்டிக்கு அதன் கையேட்டைப் பார்க்கவும். இம்பாக்ட் கன்னால் இறுக்கும் பட்டறையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டொயோட்டா டிஃப்பில் இரு பக்கமும் அட்ஜஸ்டர் நட் இருப்பது வரம். ஒன்றை எவ்வளவு தளர்த்துகிறோமோ அதே அளவு மற்றதை இறுக்கினால் பேக்லாஷ் மட்டும் மாறும், பேரிங் இறுக்கம் மாறாது. இலக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர், அல்லது முன்பு எழுதிவைத்த அளவு. தளர்வு போன நிலையிலிருந்து அட்ஜஸ்டரை ஒன்று முதல் ஒன்றரைப் பல் இறுக்கியபின் பேக்லாஷை மறுபடி அளக்க வேண்டும். இந்த மறு அளவைத்தான் அவசரக்காரர்கள் விடுகிறார்கள். கடைசியில் மறுபடி பேஸ்ட் பூசி, தடத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். வண்டியை எடுக்கும்போது, "அண்ணே, பேக்லாஷ் எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணாகப் பதில் வந்தால் நல்ல கை. "எல்லாம் ஓகே" என்று வந்தால் அளக்கவில்லை. உபி, காக்கி புக்கிட், சின் மிங் என எந்த வட்டாரத்துப் பட்டறைக்கும் இந்த ஒரு கேள்வி போதும். பெயர்ப்பலகையைவிட டயல் கேஜ் முக்கியம்.

எண்ணெயில் ட்ரூட்ராக்கின் விதி வழக்கத்துக்கு மாறானது. விலை உயர்ந்த சிந்தெட்டிக் வேண்டாம், உராய்வு மாற்றியும் வேண்டாம். சாதாரண மினரல் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். வழுவழுப்பு அதிகமானால் பினியன்கள் குழிச்சுவரைப் பிடிக்காது, வேலை செய்யும் உராய்வே குறைந்துபோகும். நான்கு லிட்டர் வாங்கி வைத்து, வண்டி மட்டமாக நிற்க, நிரப்பும் துளையின் விளிம்புவரை ஊற்றவும். லிக்விட் கேஸ்கட் இறுக நேரம் கொடுத்தபின் ஊற்றுவது நல்லது. முதல் ஓட்டம் இருபது நிமிடம், பிறகு ஆறவிட வேண்டும். முதல் 800 கிலோமீட்டரில் பாரம் வேண்டாம். அது முடிந்ததும் எண்ணெயை மாற்றி, காந்த பிளக்கைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு இயல்பு. விரலில் குத்தும் மினுமினுப்பான சில்லு தெரிந்தால் அன்றே திறக்க வேண்டும்.

சத்தமும் விஷயம் சொல்லும். மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் பல் தடம் தவறு. காலை எடுத்ததும் இரைந்தால் பெரும்பாலும் பினியன் பேரிங் தளர்வு. கியர் போட்டதும் 'டங்' என்றால் பேக்லாஷ் அதிகம், அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு-ஜாயிண்ட். பிக்கப்புக்கு விரைவுச்சாலையில் உச்சவரம்பு 70 என்பதால், 50 முதல் 70 வரை ஒவ்வொரு வேகத்திலும் வானொலியை அணைத்துக் கேளுங்கள்.

இப்போது பிரீதர். இங்குள்ள பின்னச்சுகளைக் கொல்வதில் அடைபட்ட பிரீதருக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டுமானத் தளத்திலிருந்து சாலைக்கு வருமுன் சக்கரம் கழுவ வேண்டும். நாள் முழுதும் ஓடிச் சூடான ஹவுசிங்கின்மேல் குளிர்ந்த நீர் பாய்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. அச்சுக்குழாயின்மேல் இருக்கும் விரல்நுனி அளவு உலோகத் தொப்பி செம்மண் அப்பி ஒட்டிப்போயிருந்தால், உறிஞ்சல் சீல் வழியாக நடக்கும். நீரும் சேறும் கூடவே உள்ளே போகும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தால் காரணம் இதுதான். மறுபடி சூடாகும்போது அழுத்தம் வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். அது பின் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைக்கும். வழுக்கலுக்காகச் செலவழித்துவிட்டு பிரேக்கை இழந்த கதையாகிவிடும். தொப்பியை எடுத்துவிட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயைத் தொட்டியின் உட்புறம், பின்விளக்கு உயரம்வரை ஏற்றி, முனையில் சிறு ஃபில்டர் மாட்டுங்கள். அச்சு மேலும் கீழும் ஆடும் அளவுக்குக் குழாயில் தொய்வு விடவும். மலிவான, அரைமணி நேர வேலை. டிஃப் மாற்றாதவர்களும் இதை இந்த வாரமே செய்யலாம்.

காகித வேலையும் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவைப்படாதவை, தேவைப்படுபவை, அனுமதிக்கப்படாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. பொருளை ஆர்டர் செய்யுமுன் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்து, ஐயம் இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வண்டியானால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வரி.

பொருத்தியபின் வண்டிக்குள் ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டுவது அவசியம்: பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு கியர் போடக்கூடாது. ஓப்பன் டிஃப்பில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். இதில் தூக்கிய சக்கரத்துக்குப் பிரேக்கின் உரசல் கொஞ்சம் பிடி கொடுத்தாலும் போதும், டிஃப் அதைப் பெருக்கி, தரையில் இருக்கும் சக்கரமும் இழுத்து, வண்டி ஜாக்கிலிருந்து குதித்துவிடலாம். டயர் கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். பின் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கட்டும்.

பழைய ஓப்பன் கேரியரைத் தூக்கி எறிய வேண்டாம். எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, அதன் ஸ்டார் கியர்களோடு வைத்திருங்கள். வாகன உரிமைச் சான்றிதழின் (சிஓஇ) பத்தாண்டு முடிந்து வண்டி பதிவுநீக்கம் ஆகும் நாளில், ஹெலிக்கல் டிஃப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு அதைப் பூட்டி அனுப்பலாம். அதே அச்சு உள்ள அடுத்த பிக்கப்புக்கு இது அப்படியே போகும். சான்றிதழில் இரண்டு ஆண்டுக்குமேல் மிச்சமில்லாத வண்டிக்கு, அடுத்த வண்டியின் அச்சு எது என்று தெரியாத நிலையில், இந்தச் செலவு வேண்டாம். நல்ல ஏடி டயர் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது) இரண்டும், தொட்டியின் பின்கோடியில் கட்டிவைத்த நான்கு மணல் மூட்டையும் அதுவரை ஓட்டிவிடும்.